பூக்காத வெனிலாவில் ஒரு காய்

பிளீச்சிங் அக்காவுக்குக் கைரேகை கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வயசு முழுக்கப் படுக்கை விரிப்பு அலசிய கை அது. பிளீச்சிங் மருந்துத் தண்ணீர் ரேகையை எல்லாம் தின்றுவிட்டது. வேலைக்கு வருகிறவர்கள் விரல் வைத்துவிட்டுப் போக வாசலில் ஒரு மிஷின் இருக்கிறது. அவள் விரலை வைத்தால் அது கொஞ்ச நேரம் யோசிக்கும். அப்புறம் இப்படி ஒரு ஆளே இல்லை என்று சிவப்பு விளக்கைக் காட்டும்.

"என் புருஷனும் இப்படித்தான். பக்கத்துலயே படுத்திருந்தாலும் ஆள் தெரியாது" என்பாள், பின்னால் வரிசையில் நிற்பவர்களிடம்.

அந்தப் புருஷனோடு அவள் வாழ்ந்தது ஒரு வருஷம்கூட இல்லை. திருப்பி அனுப்பிவிட்டான். அவன் சொன்ன காரணம், இவள் வாய். இவள் சொன்ன காரணம், அவன் அம்மாவின் வாய். இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும் என்று எங்கள் தெருவில் பேச்சு. போன பெட்டியோடு திரும்பி வந்தவள் அண்ணன் வீட்டில் ஏறினாள். ஏறியவள் இறங்கவில்லை.

அண்ணன் அலுமினிய ஜன்னல் போடுகிறவர். அண்ணி வீட்டோடு இருக்கிறவள். ஒரே மகன், செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. மூன்றாவது மாடி வீடு. ஒரு ஹால், ஒரு அறை, திரும்பினால் தோள் இடிக்கிற சமையலறை, ஹாலை ஒட்டி ஒரு பால்கனி. அறையில் அண்ணனும் அண்ணியும். ஹாலில் மகன். பால்கனியில் பிளீச்சிங் அக்கா. மடக்குக் கட்டிலை விரித்தால் பால்கனி முடிந்துவிடும். கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் கதவைச் சாத்த வேண்டும். மழை வந்தால் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொள்வாள்.

எங்கள் கட்டடம் நேர் எதிரே. நடுவில் ஒரு சந்துதான். அவர்கள் வீட்டில் தும்மினால் எங்கள் வீட்டில் மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம். ஆகையால் நான் சொல்லப்போவதில் பாதி பார்த்தது, பாதி கேட்டது, மீதி அந்த மகன் கடையில் வைத்துச் சொன்னது.

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் உள்ள பகை பழசு. அண்ணி புதுப்பெண்ணாக வந்த காலத்தில் பிளீச்சிங் அக்கா இன்னும் கல்யாணமாகாத செல்லத் தங்கச்சி. அண்ணி விளக்கிக் கவிழ்த்த பாத்திரத்தை எடுத்து மறுபடி விளக்குவாள். அதுவும் வீட்டில் ஆள் இருக்கும்போது. "எங்க அண்ணிக்குக் கண்ணு கொஞ்சம் மட்டம்" என்று வந்தவர்களிடம் விளக்கம் வேறு. அண்ணி வாயைத் திறக்கவில்லை. ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராமலா போகும். பெட்டியோடு தங்கச்சி திரும்பி வந்த அன்றைக்குக் கதவைத் திறந்தது அண்ணிதான்.

"வா. பாத்திரமெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. வேணும்னா நீ ஒரு தடவை தேய்ச்சுக்கோ."

செடிப் பைத்தியம் எப்படி வந்தது என்றால், மறைப்புக்காக வந்தது. பால்கனியில் படுக்கிற பொம்பளைக்கு எதிர் மாடிக் கண்கள் ஒரு தொல்லை. எதிர் மாடி என்றால் நாங்கள்தான். துணியைக் கட்டிப் பார்த்தாள். "ஹாலுக்குக் காத்து வரலை" என்று அண்ணி அவிழ்த்துவிட்டாள். சரி, காற்று புகுகிற திரையாக ஒன்று வளர்த்துக்கொள்வோம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து காலி குளுக்கோஸ் பாட்டில்களைக் கொண்டுவந்து, கழுத்தை அறுத்து, கம்பியில் கட்டித் தொங்கவிட்டு மணிபிளான்ட் வைத்தாள். கீழே இடமில்லாதவர்கள் மேலேதான் போக வேண்டும். அதனால் எல்லாமே கொடியாக வைத்தாள். பெயின்ட் டப்பாவில் சங்குப்பூ. உடைந்த வாளியில் ரங்கூன் மல்லி. அது வெள்ளையாகப் பூத்து, மறுநாள் ரோஸாகி, அப்புறம் சிவந்து தொங்கும். பாஷன் ஃப்ரூட் கொடி ஒன்றும் வைத்தாள். அது அவளை மதிக்காமல் நான்காவது மாடிக்குப் போய் அங்கே காய்த்தது. நான்காவது மாடி டேங்கர் லாரி டிரைவர் பழத்தைத் தின்றுவிட்டுத் தோலைக் கீழே போடுவார்.

"பிளீச்சிங், தோலை உனக்குத்தான் போட்டேன். உரத்துக்கு ஆகும்."

"போடுங்க, போடுங்க. விதையைத் துப்பாம முழுங்கிடுங்க. உங்க வயித்துலயாவது ஒண்ணு முளைக்கட்டும்" என்பாள் இவள். டிரைவருக்குக் குழந்தை கிடையாது. இப்படிப்பட்ட வாய்.

கடைசியாக வந்ததுதான் வெனிலா. ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் வெட்டிப் போட்ட குப்பையில் ஒரு முழ நீளத்துக்குத் தடித்த கொடி கிடந்தது. தடிச்ச மணிபிளான்ட் என்று நினைத்து எடுத்துக்கொண்டாள். தோட்டக்காரர், "வெனிலாம்மா அது. படரும். பூக்காது" என்றார். பூக்காது என்று சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அன்றைக்கு ராத்திரியே மகனிடம் போனை வாங்கி வீடியோ வீடியோவாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

அண்ணன் பட்டறையில் மிஞ்சிய அலுமினியச் சட்டங்களை வாங்கி வந்து பால்கனிச் சுவரில் நிறுத்தினாள். வெயிலில் அலுமினியம் சுட்டு, முதலில் பிடித்த வேரெல்லாம் கருகியது. ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட விரிப்புகளைக் கிழித்துச் சட்டத்தைச் சுற்றினாள். அதன்மேல் தேங்காய் நார். ஒவ்வொரு இலைக் கணுவிலிருந்தும் ஒரு வெள்ளை வேர் புறப்பட்டு நாரைப் பிடித்துக்கொண்டது. தொட்டியில் மண்ணே கிடையாது, நார்த் துண்டும் காய்ந்த இலையும்தான். வாளியில் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிப் போகும் என்பதால் சலவைக்கூடத்து ஸ்பிரேயரால் காலையில் ஒரு விசிறல், சாயங்காலம் ஒரு விசிறல். யாராவது கை கழுவிய தண்ணீரைத் தெரியாமல் அதில் ஊற்றினால் தீர்ந்தது. "குடிக்கறதுக்கும் முங்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதா" என்று தெருவுக்கே கேட்கும்.

கொடி வளர்ந்தது. சட்டத்தின் உச்சிக்குப் போனதும் துணிக்கொடி மேல் போட்டுக் கீழே தொங்கவிட்டாள். தரையைத் தொட்டதும் மறுபடி ஏற்றினாள். வருஷம் வருஷமாக இதே வேலை. பச்சைப் பாம்பு மாதிரி பால்கனியைச் சுற்றிக்கொண்டது. பூ மட்டும் இல்லை.

மகனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தபோதுதான் விஷயம் முற்றியது. ஒரு சாயங்காலம், எல்லாரும் ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணி பேச்சை எடுத்தாள்.

"அறை வர்றவளுக்கு. நாமதான் ஹாலுக்கு வரணும். பால்கனியைக் கண்ணாடி போட்டு ஹாலோட சேர்த்துட்டா நம்ம கட்டிலுக்கு இடம் வந்துடும்."

"அப்ப நான்?" என்றாள் பிளீச்சிங் அக்கா.

"உங்க ஆஸ்பத்திரிக்குப் பின்னாடியே பொம்பளைங்க விடுதி இருக்கே. எழுந்தா வேலை, முடிஞ்சா படுக்கை. பஸ்ஸுகூட வேண்டாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அந்த விடுதிக்கு விரிப்பு கொண்டு போகிறவளே பிளீச்சிங் அக்காதான். கட்டில் மேல் கட்டில். ஆளுக்கு ஒரு பலகை. ஜன்னல் கைக்கு எட்டாத உயரத்தில். செடி வைக்கக் கூடாது என்று சுவரிலேயே எழுதியிருக்கும். போனவர்கள் யாரும் திரும்பி ஒரு வீட்டுக்கு வந்ததாக அவள் கேட்டதில்லை.

"அண்ணா, நீ சொல்லு" என்றாள்.

அண்ணன் மூஞ்சியைத் தட்டுக்குள் விட்டுக்கொண்டார். தங்கச்சியின் சம்பளத்தில் பாதி வீடு ஓடுகிறது. பெண்டாட்டியின் வாயில் மீதி வீடு ஓடுகிறது. அவர் மாதிரி ஆள்களுக்குக் கஷ்டம் வந்தால் தமாஷ் வந்துவிடும்.

"இப்படி வெச்சுக்கலாம். உன் வெனிலா பூத்துச்சுன்னா பால்கனி உனக்கு. பூக்கலைன்னா கண்ணாடி. என்ன சொல்ற?"

மகன் சிரித்தான். அண்ணி சிரித்தாள். எதிர் மாடியில் நாங்களும் சிரித்தோம். ஆட்டுக்கு வாலை அளந்து வைத்த கடவுள் வெனிலாவுக்குப் பூவே வைக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"பொண்ணு வீட்டுக்காரங்க வந்து பார்த்துட்டுப் போறதுக்குள்ள பூத்தா எனக்கு. வார்த்தை மாறக் கூடாது."

"என் தங்கச்சிகிட்ட மாறுவேனா."

மறுநாளிலிருந்து அவள் அந்தக் கொடியைப் பட்டினி போட்டாள். நல்லபடியாக இருக்கிற வரைக்கும் அது பூக்காதாம். செத்துப்போவோமோ என்று பயந்தால்தான் பூக்குமாம். வீடியோவில் சொன்னார்கள். தொங்குகிற நுனிகளைக் கிள்ளி எறிந்தாள். ஸ்பிரேயரை எடுத்து உள்ளே வைத்தாள். இலையெல்லாம் சுருங்கி, தோல் தளர்ந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. டேங்கர் டிரைவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, மாமியார் வேலை பாக்கறியா அதுக்கு" என்று கேட்டார்.

"ஆமா. எனக்குக் கிடைச்ச மாமியாருக்கு இந்த வித்தை தெரிஞ்சிருந்தா நானும் பூத்திருப்பேன்."

பூத்துத் தொலைத்தது. அதாவது மொட்டு வைத்தது. கணுவில் சின்ன வாழைத்தார் மாதிரி ஒரு கொத்து. அவள் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. இருட்டோடு வேலைக்குப் போகும்போது ஒரு தரம், மத்தியானம் கழித்து வந்ததும் ஒரு தரம், கட்டிலில் முழங்காலிட்டு நின்று மொட்டு மொட்டாகப் பார்ப்பாள். அண்ணியிடம்கூட அந்த வாரம் மரியாதையாகப் பேசினாள்.

இங்கேதான் வெனிலாவின் குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு கொத்தில் நாளைக்கு ஒரு பூ. வெளுக்கிற நேரத்தில் விரியும். உச்சி வெயிலுக்குள் தொங்கிப்போகும். தொங்கின பிறகு பார்த்தால் விரிந்து வாடியதா, விரியாமலே வாடியதா என்று பழக்கமில்லாத கண்ணுக்குத் தெரியாது. பிளீச்சிங் அக்காவின் வேலை நேரம் விடியலிலிருந்து மத்தியானம் வரைக்கும். ஆக, அந்தப் பூ அவள் கண்ணில் படாமல் வந்து போவதற்கென்றே பிறந்த பூ.

முதல் பூவை நான் பார்த்தேன். பச்சையும் மஞ்சளும் கலந்து, சின்னக் குழாய் ஸ்பீக்கர் மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றது. எங்கள் மாடிப் பெண்கள் எல்லாரும் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தார்கள். அண்ணி துணி எடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்புறம் புருஷனைக் கூப்பிட்டாள். அண்ணன் பல் தேய்த்துக்கொண்டே வந்து பூவைப் பார்த்தார், பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்த் துப்பிவிட்டு வந்து சொன்னார்:

"நான் எதையும் பார்க்கலை."

அண்ணி எங்கள் பக்கம் திரும்பி உதட்டில் விரலை வைத்தாள். அடுத்த வீட்டு விவகாரத்தில் நாங்கள் தலையிடுவதில்லை. பார்ப்பதோடு சரி.

மத்தியானம் பிளீச்சிங் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்கு ஓடினாள்.

"அண்ணி, இது காலையில விரிஞ்சுதா?"

"எங்க விரிஞ்சுது. மூக்கை நீட்டிக்கிட்டு நின்னுச்சு. வெயில் வந்ததும் தலையைத் தொங்கப் போட்டுடுச்சு, பாவம்."

"கொஞ்சம்கூடத் திறக்கலையா?"

"நான் என்ன பொய்யா சொல்றேன். நாள் பூரா அதுக்கு முன்னாடியேதான் நின்னேன்."

மறுநாளும் இதே. அதற்கு மறுநாளும் இதே. மகனிடம் கெஞ்சினாள். "டேய், காலையில எழுந்ததும் ஒரு போட்டோ எடுத்து வைடா." அவன், "தூங்கிட்டேன் அத்தை" என்றான். போட்டோ அவன் போனிலேயே இருந்தது. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினான். எனக்கும் காட்டினான். நல்ல போட்டோ.

சூப்பர்வைசரிடம் லீவு கேட்டாள். "பூ பார்க்க லீவா? அப்புறம் காய் பார்க்க லீவு, பழம் பார்க்க லீவு, விதை போட லீவுன்னு கேப்ப" என்று அவர் சொல்ல, சலவைக்கூடமே விரிப்பு தேய்க்கிற உருளை மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்ததாம். கடைசியில் வார விடுமுறை வந்தது. முந்தின சாயங்காலமே பெரிய மொட்டு ஒன்று தயாராக நின்றது. இவள் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன் அண்ணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"அம்மாடி, இடது பக்கம் குத்துது. எனக்கு என்னமோ பயமா இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

"அண்ணனை எழுப்புங்க அண்ணி."

"அவருக்கு அங்க யாரைத் தெரியும்? உனக்குத்தான் ஆளைத் தெரியும். சீட்டு சீக்கிரம் வாங்கலாம். செத்தா சாகட்டும்னு உக்காந்திருக்கியா?"

மொட்டையும் பார்த்தாள், அண்ணியையும் பார்த்தாள். என்ன செய்வாள். கூட்டிக்கொண்டு போனாள். சீட்டு வரிசை, ரத்த அழுத்த வரிசை, நெஞ்சுப் படம் எடுக்கிற வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் அண்ணி அவள் தோளில் சாய்ந்துகொண்டாளாம். டாக்டர் பார்த்துவிட்டு வாயு என்றார். திரும்பி வரும்போது உச்சிப் பொழுது தாண்டிவிட்டது. மொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பால்கனி வாசலில் உட்கார்ந்து அண்ணி ஏப்பம் விட்டாள்.

"பாரேன், இன்னைக்கும் விரியலை."

அன்றைக்குப் பிளீச்சிங் அக்கா கொடியோடு பேசிக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது. "நான்தான் உன்னை ரொம்பக் காயப் போட்டுட்டேன். என்னாலதான் உனக்குத் திறக்கத் தெம்பில்லை." ஸ்பிரேயரை வெளியே எடுத்து ஒவ்வொரு இலையாக நனைத்துத் துடைத்தாள். எங்கள் வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அழுதார்களா சிரித்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

அண்ணிக்குப் பொய் சொல்லிச் சொல்லிப் பூவின் மேலேயே ஒரு ஆர்வம் வந்துவிட்டது போல. கொத்து முடிகிற சமயத்தில் ஒரு காலை, தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, பூவின் உதட்டைக் கிழித்து, உள்ளே குத்திப் பார்த்தாள். "இதுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு" என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள். உள்ளே ஒரு சின்ன மூடி மாதிரி இருந்ததாம். அதை ஊசியால் தூக்கி, கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஊசியைத் துடைத்து மறுபடி தலையில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கொத்து முடிந்தது. பூ ஒவ்வொன்றாகக் காம்போடு மஞ்சளாகி விழுந்தது. அண்ணன் டேப் எடுத்து வந்து பால்கனியை அளந்தார்.

"உன் துரதிர்ஷ்டம்மா. நான் என்ன பண்ணட்டும். பூத்திருந்தா நானே குறுக்க நின்னிருப்பேன்."

"கண்ணாடி எப்ப?"

"பொண்ணு வீட்ல வரட்டும். கலர் அவங்க சொல்லட்டும்."

நாள் போயிற்று. ஒரு சாயங்காலம் காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தவளின் கை அந்தக் கொத்தில் நின்றது. மற்ற காம்பெல்லாம் விழுந்த இடத்தில் ஒன்று மட்டும் விழவில்லை. விழாதது மட்டுமில்லை, தடித்து, பீன்ஸ் மாதிரிப் பச்சையாக நீண்டிருந்தது. நுனியில் சருகாகப் பூவின் மிச்சம்.

அவள் பார்த்த வீடியோ எல்லாவற்றிலும் ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தார்கள். இந்தக் கொடியின் தேனீ வேறு தேசத்தில் இருக்கிறது. இங்கே தானாகக் காய்க்காது. விரிந்த பூவுக்குள் மனுஷர் கையை விட்டு, மூடியைத் தூக்கி, அழுத்தினால்தான் காய். விரியாத பூவில் காயே கிடையாது.

காலையில் அந்த வீட்டில் இருக்கிற கை எது என்று கண்டுபிடிக்க அவளுக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு கூச்சல் வரும், ஒரு பாத்திரமாவது பறக்கும் என்று நாங்கள் ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்தோம். ஒன்றுமில்லை. காயை ஒரு இலையால் மறைத்து நாரால் கட்டிவிட்டு, "அண்ணி, சாப்பாடு போடட்டுமா?" என்று உள்ளே போனாள். அந்த வாய் அவ்வளவு நாள் மூடியிருந்து நான் பார்த்ததே இல்லை. அவள் சாட்சிக்குக் காத்திருந்தாள். வீட்டுக்குள் சொன்னால் நான்கு சுவரும் அண்ணி பக்கம்தான் பேசும். வெளி ஆள் முன்னால் சொன்னால் வெட்கமாவது வரும் என்று நினைத்தாள். அதுவும் ஒரு நம்பிக்கைதானே.

பெண் வீட்டார் வந்தார்கள். பெண், பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிறவள். கூட அவள் அம்மா மட்டும். தபாலாபீஸ் கவுன்ட்டரில் இருக்கிறவர், ஆளை எடை போட்டு ஸ்டாம்ப் ஒட்டிவிடுகிற பார்வை. டீ, பிஸ்கட், மகனின் சம்பளம், பெண்ணின் பஸ் ரூட் எல்லாம் பேசி முடித்து, வீட்டைச் சுற்றிப் பார்க்க எழுந்தார்கள். பால்கனி வந்தது.

"இதைக் கண்ணாடி போடப் போறோம். என்ன கலர் பிடிக்கும்னு நீங்க சொல்லணும்" என்றாள் அண்ணி.

பிளீச்சிங் அக்கா கொடிக்குப் பக்கத்தில் நின்று, இலையின் கட்டை அவிழ்த்தாள். காய் விரல் நீளத்துக்கு வளர்ந்து தொங்கியது.

"இது வெனிலாக் காய்ங்க. ஒரே ஒரு காய். எங்க அண்ணி கையால உண்டானது."

"அப்படியா" என்றார் பெண்ணின் அம்மா.

"ஆமாங்க. இது தானா காய்க்காது. காலையில பூ விரிஞ்சிருக்கும்போது யாராவது உள்ள கையை விடணும். நான் காலையில இருக்க மாட்டேன். அண்ணிதான் இருப்பாங்க. ஆனா பூ விரியவே இல்லைன்னு அண்ணி தினமும் என்கிட்ட சொன்னாங்க. பூத்தா இந்தப் பால்கனி எனக்குன்னு அண்ணன் வாக்குக் குடுத்திருந்தாரு. பூக்கலைன்னுதான் என்னை விடுதிக்கு அனுப்பறாங்க."

சத்தம் போடாமல், சிரித்த முகமாகச் சொன்னாள். அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் கூரையைப் பார்த்தார். மகன் போனைப் பார்த்தான். பெண்ணின் அம்மா அண்ணியை மேலும் கீழும் பார்த்தார். அவ்வளவுதான், சம்பந்தம் முறிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

"தினமுமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

அண்ணி தலையைக் குனிந்தாள். "தினமும்தான்."

"சிரிப்பு வரலையா உங்களுக்கு?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். அந்த அம்மாவின் உதடு துடித்துக்கொண்டிருந்தது. "வரும். சமையல்கட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் அண்ணி, மெதுவாக.

"எங்க வீட்லயும் ஒருத்தி இருந்தா, என் வீட்டுக்காரரோட தங்கச்சி. பதினோரு வருஷம். எனக்கு இந்த யோசனை வரலையே." அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அண்ணியும் சிரித்தாள். ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நெஞ்சு வலி வரிசையைப் பற்றி அண்ணி சொன்னபோது அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் அந்த இடத்திலேயே நிச்சயமாகிவிட்டது.

பெண் மட்டும் கொடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆன்ட்டி, நிஜமாவே வெனிலாவா? இதை வெட்டிடாதீங்க. அழகா இருக்கு."

"உனக்குப் பிடிச்சிருந்தா இருக்கட்டும்மா. வெட்டுவேனா" என்றாள் அண்ணி.

அவர்கள் போன பிறகு பிளீச்சிங் அக்கா ஒரே ஒரு தரம் கேட்டாள்.

"அண்ணா. பூத்துச்சில்ல."

"பூத்துச்சு. யாரு இல்லைன்னா? அதனாலதானே எடுக்க வேண்டாம்ங்கறோம். கண்ணாடியைக்கூட அதுக்கு இடம் விட்டுத் தள்ளிப் போடறேன்."

"பால்கனி எனக்குன்னு சொன்ன."

"உன் செடிக்குக் குடுத்தா உனக்குக் குடுத்த மாதிரி இல்லையா?" என்றார் அண்ணன். அவருக்கே அந்தப் பதில் பிடித்துப்போய், அப்புறம் இரண்டு மூன்று பேரிடம் சொன்னார்.

அவள் பெட்டி கட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மடக்குக் கட்டிலை அண்ணி மாடிப்படி அடியில் போட்டாள். மணிபிளான்ட் பாட்டில்களைக் கண்ணாடிக்காரப் பையன்கள் அறுத்துத் தெருவில் எறிந்தார்கள். சங்குப்பூவும் ரங்கூன் மல்லியும் குப்பை வண்டியில் போயின. வெனிலா மட்டும் புதுச் சட்டத்துக்குள், மூன்று பக்கமும் கண்ணாடியோடு, ராணி மாதிரி நின்றது. காய் இன்னும் நீண்டிருந்தது. அது முற்றுவதற்குப் பல மாதம் ஆகும் என்றும், வெனிலாக் காய்க்கு எங்கேயோ பெரிய கிராக்கி என்றும் பெண்ணின் அம்மா போன் செய்து சொல்லியிருந்தார். அதனால் அண்ணிக்கு இப்போது கொடியின் மேல் தனிப் பாசம்.

வாசல் வரைக்கும் வந்து கேட்டாள்.

"ஏய், அதுக்குத் தண்ணி எப்படி? நீ அந்தப் பம்புல என்னமோ விசிறிக்கிட்டு இருப்பியே."

பிளீச்சிங் அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள். அண்ணி முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"அது காய் இல்லாதப்ப அண்ணி. காய் புடிச்சிடுச்சுன்னா நிறையக் கேக்கும். காலையில ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. தொட்டி நிரம்பி நிக்கணும். அடியில ஓட்டை இருக்கு பாருங்க, அதைத் துணி வெச்சு அடைச்சிடுங்க. வீணாப் போகாது."

"இவ்வளவுதானே. நான் பார்த்துக்கறேன்."

"மறந்துடாதீங்க. பொண்ணு ஆசைப்பட்டுச்சு."

அண்ணி மறக்கவில்லை. அவளிடம் எந்தக் குறை இருந்தாலும், எடுத்த காரியத்தை விட மாட்டாள். விடிந்ததும் கண்ணாடிக் கதவைத் திறந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வருவாள். சாயங்காலமும் வருவாள். நாங்கள் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். கொடியைப் பற்றி எங்களுக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் அடுத்த வீட்டு விவகாரம்.

முதலில் அடி இலை பழுத்தது. அப்புறம் தண்டு கண்ணாடி மாதிரி நீர் கோத்து மினுமினுத்தது. கல்யாண வேலையில் எல்லாரும் அலைந்துகொண்டிருந்த ஒரு நாள், அண்ணி போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனியில் நின்றாள். நன்றாகக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அந்தப் பக்கம் உருளை மிஷின் ஓடுகிற இரைச்சல்.

"ஏய், இது மஞ்சளாகுதுடி. காயும் நுனியில கறுக்குது. என்ன பண்றது?"

இரைச்சலுக்கு நடுவில் பிளீச்சிங் அக்காவின் குரல், ரொம்ப அக்கறையாக.

"அப்ப தண்ணி பத்தலை அண்ணி. மத்தியானமும் ஒரு வாளி ஊத்துங்க."